எவர்க்காகப் பேசுகின்றனரோ அவர்க்கு விளங்குதல் வேண்டும்!

ஒருவரையோ ஒரு கொள்கையையோ மாற்றார் தாக்குங்கால், அதனை ஏன்றுகொண்டு நிற்பதற்கும் பரிந்து பேசுவதற்கும் ஒவ்வொரு மொழியினரும் தமக்கெனச் சில சொற்களை வைத்துள்ளனர். அச்சொற்களை ஆய்ந்து பார்ப்பின் அவ்வினத்தாரின் வாழ்வும் தாழ்வும் வெள்ளிடைமலையாய் விளங்கும். ஆங்கில மொழியே மன்றத்திற்கு ஏற்ற மொழி என்று மயங்கிக் கிடக்கும் தமிழர், ஆங்கிலவரின் சொற்களையே ஒருகால் திருப்பிப் பார்த்தல் நன்று.

ஆங்கிலத்தில் இப்பொருள் தரும் சொற்கள் இருவகைப்பட்டன. வீட்டிலும் தெருவிலும் வழங்குவன ஒருவகை. ஒருவர்க்குத் துணையாதலை 'இசுடாண்டு பை' என்பர்; அருகில் நில் என்பதே அதன் பொருள். 'இசுடாண்டு அப் பார்' என்பது ஒருவர்க்காக எழுந்து நிற்றல். 'இசுபீக் அப் பார்' என்பது ஒருவர்க்காக வாய்திறந்து பேசுதல். நிற்றல், பேசுதல் என்னும் இவ்வினைகள் ஆங்கிலவரின் பழந்தாயச் சொற்கள். அவற்றை விளங்கிக்கொள்ள அகரமுதலி வேண்டா. சிறு குழவிக்கும் பொருள் தெரியும்.

முறைமன்றத்தின் படியேறியவுடன் நிலை மாறுகின்றது. 'டிபெண்டு', 'அட்வகேட்', 'பிளீடு', 'சாம்பியன்' ஆகிய நான்கும் பிரெஞ்சின் வழியே ஆங்கிலத்துள் புகுந்தவை, இலத்தீனில் வேர்கொண்டவை. 'டிபெண்டு' என்பதன் வேர்ப்பொருள் அடித்து விலக்குதல். வேலியைக் குறிக்கும் 'பென்சு' என்னும் சொல்லும் 'டிபென்சு' என்பதன் தலை குறைந்த வடிவமே. 'அட்வகேட்' என்பான் துணைக்கு அழைக்கப்பட்டவன். 'சாம்பியன்' என்பான் களத்தில் நின்று பொருபவன். வழக்கை இருவர் போரால் தீர்த்துக்கொண்ட காலத்தில், போரிட இயலாத பெண்டிர்க்கும் முதியோர்க்கும் அவனே களமிறங்கினான். அந்தப் போர்முறை இங்கிலாந்தின் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது 1819-இலேதான்.

வீட்டில் சொந்தச் சொல், மன்றத்தில் வந்த சொல் என்னும் இப்பிளவு எவ்வாறு நேர்ந்தது? 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் அரசவையிலும் மன்றத்திலும் பிரெஞ்சு வீற்றிருந்தது. எழுத்தாவணங்களை இலத்தீன் ஆண்டது. உழுதவனும் நெய்தவனும் பேசிய ஆங்கிலம் வாயிற்புறத்தே நின்றது. வழக்காடும் குடியானவன் முன்னிலையிலேயே அவனுக்காக ஒருவர் வழக்குரைப்பார். அவனுக்கு எதிராக இன்னொருவர் வழக்குரைப்பார். அவ்விருவர் பேச்சும் அவனுக்கு விளங்காது. தனக்காகப் பேசப்படும் பேச்சையே அறியாத அவன் நிலையைக் காப்பு என்று எங்ஙனம் கூறுவது?

இந்தக் கொடுமையை ஆங்கிலவரே உணர்ந்தனர். மூன்றாம் எட்வர்டு அரசன் காலத்தில், 1362-இல், வழக்குகள் ஆங்கிலத்திலேயே உரைக்கப்படல் வேண்டும் என்று சட்டம் பிறந்தது. அச்சட்டமே கூறிய கரணியம் இது: பிரெஞ்சு மொழி நாட்டில் பெரிதும் அறியப்படாதது, ஆகலின், தமக்காகவும் தமக்கு எதிராகவும் என்ன பேசப்படுகின்றது என்பது வழக்காடும் மக்களுக்குத் தெரிவதில்லை. இதில் ஒரு நகைப்பும் உண்டு. ஆங்கிலத்திற்கு இடந்தந்த அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! அடிமைத்தளை அத்துணை ஆழப் பதிந்திருந்தது.

சட்டம் வந்தும் வழக்கம் உடனே மாறவில்லை. ஆவணங்களில் இலத்தீன் நீடித்தது. சட்டத்தாரின் பிரெஞ்சு மேலும் சில நூற்றாண்டுகள் உயிர் வாழ்ந்தது. 1650-இல் குடியரசு ஆட்சியர் ஆங்கிலத்தை முழுமையாகக் கொணர்ந்தனர். 1660-இல் மன்னராட்சி மீண்டதும் அம்மாற்றம் கைவிடப்பட்டது. 1731-இல் மீண்டும் சட்டம் இயற்றி, 1733 முதல் மன்ற நடவடிக்கை அனைத்தையும் ஆங்கிலத்திற்கு மாற்றினர். அப்பொழுதும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பிளாக்சுடன் போன்ற சட்டப் பேரறிஞரும் பின்னாளில் பழைய இலத்தீனின் திட்பத்திற்காகப் பரிந்து எழுதினார். ஆயினும் ஆங்கிலம் நின்றது; சட்டம் சாய்ந்துவிடவில்லை; முறை கெட்டுவிடவில்லை.

மொழித்தடை நீங்கியதும் காப்பு முழுமையடைந்ததா எனின், அதுவும் இல்லை. பெருங்குற்றம் சாட்டப்பட்டவனுக்காக ஆயத்தாரை நோக்கி வழக்கறிஞர் உரையாற்றும் உரிமை 1836-இல்தான் முழுமையாகக் கிடைத்தது. ஒருவர்க்காகப் பேசும் உரிமையும், அப்பேச்சு அவர்க்கு விளங்கும் உரிமையும் தாமே வந்து மடியில் விழுந்தவை அல்ல. ஒவ்வொன்றும் போராடிப் பெறப்பட்டது.

இனித் தமிழகத்தைப் பார்ப்போர் தலை குனியாமல் இருத்தல் இயலாது. கொலையுண்ட கணவனுக்காகக் கண்ணகி பாண்டியன் அவையில் தானே நின்று வழக்குரைத்ததைச் சிலம்பின் வழக்குரை காதை காட்டுகின்றது. அவள் உரைத்த மொழி வாயிலோனுக்கும் விளங்கியது, வேந்தனுக்கும் விளங்கியது. விளங்கியதனால்தான் அவன் தன் பிழை உணர்ந்தான். இன்றோ, கீழ்முறை மன்றங்களில் தமிழுக்கு இடமிருப்பினும், சென்னை உயர்முறைமன்றத்தின் அலுவல்மொழி ஆங்கிலமே. நிலத்தைப் பறிகொடுத்த உழவர் பின்வரிசையில் அமர்ந்து, தம் வழக்கறிஞரின் முகக்குறிப்பைக் கொண்டே வெற்றி தோல்வியை உய்த்துணர வேண்டியுள்ளது.

வழியே இல்லையா எனின், உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில அலுவல்மொழியை உயர்முறைமன்றத்தில் வழங்க இடந்தருகின்றது. அவ்வழியே இராசசுத்தானம், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் இந்தி நுழைந்துள்ளது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தமிழுக்கு அவ்வுரிமை வேண்டி முடிவு நிறைவேற்றியது. நடுவணரசு உச்சமுறைமன்றத்தின் கருத்தைக் கேட்டு, இசைவு மறுத்தது. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மட்டும் ஏன் அடைபட்டது?

தமிழில் சட்டச்சொல் இல்லை என்பார், ஆங்கிலத்தையும் ஒருகாலத்தில் அவ்வாறே பழித்தனர் என்பதை அறிக. ஆங்கிலத்தைப் போற்றுவோர் ஆங்கிலவரின் சொல்லை மட்டும் கடன் வாங்காமல், அவர்தம் 1362-ஆம் ஆண்டின் துணிவையும் கற்றுக்கொள்க. தமிழனுக்காகப் பேசுவோர் தமிழனுக்கு விளங்கப் பேசுக! அஃதொன்றே உண்மைக் காப்பு.