விமான நிறுவன இணைப்புகளும் கேட்கப்படாத பயணிகளும்: கண்டன அறிக்கை

மைசூரு

விஸ்தாரா நிறுவனத்தின் கடைசி விமானம் 2024 நவம்பர் 11 அன்று பறந்தது. மறுநாள் அந்நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன், அக்டோபர் 1 அன்று, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு ஏர்ஏசியா இந்தியா என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடன் இணைக்கப்பட்டது. நான்கு பெயர்களில் டிக்கெட் விற்ற இடத்தில் இரண்டு பெயர்கள் மிஞ்சின. அந்த இரண்டுக்கும் உரிமையாளர் ஒரே குழுமம்.

இந்த இணைப்புகளில் பயணிகளின் ஆட்சேபம் கேட்கப்படவில்லை. மைசூருவிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழ்ப் பயணிகளைக் கொண்ட எங்கள் சங்கத்தின் பொதுக்குழு இதனை ஒருமனதாகக் கண்டிக்கிறது.

கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், 29ஆம் பிரிவு, அதற்கான வழியை வகுத்திருக்கிறது. ஓர் இணைப்பு சந்தையில் போட்டியைக் குலைக்கக்கூடும் என்று இந்தியப் போட்டி ஆணையம் கருதினால், விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பதில் வந்த பிறகும் அந்தக் கருத்து நீங்காவிட்டால், இணைப்பின் விவரங்களைப் பொதுமக்கள் அறியும்படி வெளியிடச் செய்ய வேண்டும். பாதிக்கப்படுவோர் எழுத்து மூலம் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவிக்கலாம்.

2023 ஜூன் மாதம் ஆணையம் ஏர் இந்தியாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. போட்டி குறித்த ஐயம் ஆணையத்துக்கே இருந்தது என்பதற்கு அந்த நோட்டீஸே சான்று. நிறுவனங்கள் தாமாக முன்வந்து சில உறுதிமொழிகளைக் கொடுத்தன. ஆணையம் அவற்றை ஏற்றுக்கொண்டு 2023 செப்டம்பர் 1 அன்று ஒப்புதல் அளித்தது. பொதுமக்களின் ஆட்சேபத்தைக் கேட்கும் கட்டம் வராமலே போயிற்று.

உறுதிமொழியைக் கொடுத்தது நிறுவனம். ஏற்றது ஆணையம். எங்கள் பெயரால் அது பேசி முடிக்கப்பட்டது. எங்களிடம் யாரும் பேசவில்லை.

இதே இணைப்பு சிங்கப்பூரின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்தின் முன்பும் வந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விஸ்தாராவில் 49 விழுக்காடு பங்கு வைத்திருந்தது. இணைப்புக்குப் பின் ஏர் இந்தியாவில் 25.1 விழுக்காடு பெற்றது. அந்த நாட்டின் ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. சிங்கப்பூருக்கும் டெல்லி, மும்பை, சென்னை, திருச்சிராப்பள்ளி ஆகிய நான்கு ஊர்களுக்கும் இடையே போட்டி குறையக்கூடும் என்று கண்டது. அந்த நான்கு தடங்களிலும் கொரோனாவுக்கு முந்தைய அளவுக்கு இருக்கைகள் இருக்க வேண்டும், அதைச் சரிபார்க்கச் சுதந்திரமான தணிக்கையாளர் வேண்டும் என்ற உறுதிமொழிகளைப் பெற்றுக்கொண்டு 2024 மார்ச் மாதம் அனுமதித்தது.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் செல்லும் விமானத்தில் ஏறுகிறவர் யார் என்பது தமிழ் படிக்கும் எவருக்கும் தெரியும். கட்டட வேலைக்குப் போகும் இளைஞர். பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் பாட்டி. அந்தப் பாட்டியின் இருக்கையைப் பற்றி சிங்கப்பூர் தன் மக்களிடம் கேட்டது. அவருடைய சொந்த நாடு கேட்கவில்லை. இதை எங்கள் சங்கம் இந்திய ஒழுங்குமுறை அமைப்பின் தவறாகப் பதிவு செய்கிறது.

இந்தத் தவறு புதிதும் அல்ல. 2007ஆம் ஆண்டில் மூன்று இணைப்புகள் நடந்தன. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாயின. ஏர் சகாராவை ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஏர் டெக்கானின் 26 விழுக்காடு பங்கை, கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸின் உரிமையாளரான யு.பி. குழுமம் 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது. போட்டிச் சட்டம் 2002இலேயே இயற்றப்பட்டிருந்தது. ஆனால் இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் அதன் 5, 6ஆம் பிரிவுகள் 2011 ஜூன் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. சட்டம் ஏட்டில் இருந்தது. அது விழிப்பதற்குள் மூன்று இணைப்புகளும் முடிந்திருந்தன.

அவற்றில் ஏர் டெக்கானின் கதை கர்நாடகத்தின் கதை. ஹாசன் மாவட்டம் கொரூரைச் சேர்ந்த கேப்டன் கோபிநாத் தொடங்கிய நிறுவனம் அது. 2003 ஆகஸ்டில் பெங்களூருக்கும் ஹூப்ளிக்கும் இடையே அதன் சிறிய ஏ.டி.ஆர். விமானம் பறக்கத் தொடங்கியது. ஒரு ரூபாய்க்கும் சில டிக்கெட்டுகள் விற்கப்பட்டன. அதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்தவர்கள் அதில் ஏறினார்கள். எங்கள் உறுப்பினர்களில் பலருக்கு முதல் விமானப் பயணம் அதில்தான். அந்த நிறுவனம் தன் விளம்பர முகமாக வைத்திருந்தது ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த சாமானியனை. லக்ஷ்மண் பிறந்த ஊர் மைசூரு. கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்த அந்த மனிதர் எங்கள் ஊரார்.

பெரும் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு அந்த முகம் இல்லை. ஏர் டெக்கான் என்ற பெயர் மாறி, மறுபடியும் மாறி, கிங்ஃபிஷர் ரெட் ஆயிற்று. 2011 செப்டம்பரில் அந்தக் குறைந்த கட்டணச் சேவையை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. 2012 அக்டோபரில் மொத்த நிறுவனமும் தரையிறங்கியது.

மைசூரு மண்டகள்ளி விமான நிலையம் 2010 மே மாதம் திறக்கப்பட்டது. அக்டோபரில் முதல் சேவையைத் தொடங்கியது கிங்ஃபிஷர். அடுத்த ஆண்டு நவம்பரில் அது நின்றது. பிறகு 2013இல் ஸ்பைஸ்ஜெட் வந்தது, போனது. 2017இல் ட்ரூஜெட் வந்தது, அதுவும் போனது. மண்டகள்ளியின் ஓடுபாதை 1,740 மீட்டர். ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்களுக்கே அது போதும். இப்படிப்பட்ட ஊருக்கு விமானம் வேண்டுமென்றால் சிறிய விமானம் வைத்திருக்கும் நிறுவனங்கள் பல வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று வர வேண்டும். இணைப்புகள் அந்த எண்ணிக்கையைக் குறைத்தன. பெருநகரத்துப் பயணி கட்டணம் கூடுவதைக் காண்கிறார். சிற்றூர்ப் பயணி விமானமே இல்லாமல் போவதைக் காண்கிறார்.

எனவே எங்களில் பெரும்பாலோர் தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு விமான நிலையத்துக்குப் போகிறோம். மைசூருவிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர். காலை ஏழு மணி விமானம் என்றால் முந்தைய இரவே விமான நிலையப் பேருந்தான ஃப்ளைபஸ்ஸில் ஏற வேண்டும்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் அசோகபுரம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் துணைவியாரும் வடக்கே ஒரு நகரத்தில் இருக்கும் மகனைப் பார்க்கப் போக, மூன்று மாதத்துக்கு முன்பே நேரடி விமானத்தில் டிக்கெட் எடுத்தார்கள். துணைவியாருக்கு நீரிழிவு உண்டு. வேளை தவறாமல் இன்சுலின் போட வேண்டும். அதற்காகவே நேரடி விமானம் பார்த்து, கூடுதல் கட்டணம் கொடுத்து எடுத்த டிக்கெட் அது. முதல் குறுஞ்செய்தி புறப்படும் நேரத்தை மாற்றியது. இரண்டாவது, விமானத்தையே மாற்றி, இன்னொரு நகரத்தில் இறங்கி ஏறச் சொன்னது. மூன்றாவது, அந்த இடைப்பட்ட காத்திருப்பை ஆறு மணி நேரமாக்கியது. அவர் ஒவ்வொரு முறையும் டிக்கெட்டை அச்செடுத்து, மாறிய வரியைச் சிவப்பு மையில் கோடிட்டு வைத்தார். மூன்று தாள்களையும் பொதுக்குழுவில் மேசை மீது வைத்தார். காலையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு மகன் வீட்டில் இருக்க வேண்டியவர்கள் நள்ளிரவில் போய்ச் சேர்ந்தார்கள். இன்சுலின் வைத்திருந்த பையில் ஐஸ் கரைந்துவிட்டது. இடையில் இறங்கிய விமான நிலையத்தில் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் தம் குளிர்பெட்டியில் அதை வைத்துக் கொடுத்தார்.

இழப்பீடு கேட்டபோது நிறுவனம் சொன்ன பதில் ஒன்றுதான். இரண்டு வாரத்துக்கு முன்பே தகவல் சொல்லிவிட்டோம் என்றது. அப்படிச் சொல்லி மாற்று விமானமோ பணமோ கொடுத்துவிட்டால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்பது விதி. பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். அந்தப் பணத்துக்கு அன்றைய நிலையில் வேறெந்த நிறுவனத்திலும் நேரடி விமானம் கிடைக்கவில்லை. மாற்று இருக்கிறது என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட விதி அது. மாற்றுகள் குறைந்த பிறகும் விதி மாறவில்லை.

2025 டிசம்பர் 2 முதல் நாடு கண்டதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. விமானிகளின் பணி நேரம், ஓய்வு குறித்த புதிய விதிகளுக்கு இண்டிகோ நிறுவனம் ஆயத்தமாக இருக்கவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. பெட்டிகள் மலைபோல் குவிந்த படங்களை எல்லோரும் பார்த்தார்கள். இண்டிகோ இணைப்பால் வளர்ந்த நிறுவனம் அல்ல. அதைச் சொல்வது நியாயம். ஆனால் உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் அதில் பறக்கிறார்கள். அதையும் ஏர் இந்தியா குழுமத்தையும் சேர்த்தால் பத்தில் ஒன்பது பேர். ஒரு நிறுவனம் தடுக்கி விழுந்தபோது பயணிக்குக் கைகொடுக்க இரண்டாவது, மூன்றாவது, நான்காவது நிறுவனம் இல்லை. இருந்தவை ஒன்றாக்கப்பட்டிருந்தன.

அந்த வாரம் மிஞ்சிய இருக்கைகளின் கட்டணம் பல மடங்கு ஏறியது. டிசம்பர் 6 அன்று அரசு உச்சவரம்பு விதித்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது என்பதை அரசே அன்று காட்டியது.

அந்த அதிகாரம் முன்பும் இருந்தது. 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 135ஆவது விதி, கட்டணம் மிகையானாலோ, சில நிறுவனங்களே சந்தையைக் கைக்குள் வைத்து நடந்துகொண்டாலோ விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் உத்தரவிடலாம் என்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தசராவுக்கும் ஊருக்குப் போகிறவர்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் கட்டணம் அந்த விதியை எழுப்பவில்லை. விமான நிலையங்கள் ஸ்தம்பித்த பிறகே அது எழுந்தது.

நஷ்டத்தில் ஓடும் நிறுவனங்கள் இணைந்தால்தான் பிழைக்கும் என்று ஒரு வாதம் உண்டு. 2007இல் வாங்கிய ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. வாங்கிய கிங்ஃபிஷரும் நின்றது. இணைக்கப்பட்ட ஏர் இந்தியா கடனில் மூழ்கி 2022 ஜனவரியில் டாடா குழுமத்துக்கு விற்கப்பட்டது. ஜெட் நின்றபோது முன்கூட்டியே பணம் கட்டியிருந்த பயணிகள், கடன் கொடுத்த வங்கிகளோடு சேர்ந்து நின்று தங்கள் பணத்துக்கு உரிமை கோர வேண்டி வந்தது. இணைப்பு நிறுவனங்களைக் காப்பாற்றவில்லை. பயணியையும் காப்பாற்றவில்லை.

விஸ்தாராவும் ஏர் இந்தியாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே என்று இன்னொரு வாதமும் சொல்லப்பட்டது. அவை ஒரே வீட்டுக்கு வந்ததே 2022இல் அரசு செய்த விற்பனையால்தான். ஏர் இந்தியா என்ற போட்டியாளரை, விஸ்தாரா என்ற இன்னொரு போட்டியாளரின் பெரும்பங்கு உரிமையாளரான டாடா குழுமத்திடம் அரசு ஒப்படைத்தது. பிறகு அவர்கள் ஏற்கெனவே ஒருவர்தான் என்பதே இணைப்புக்குக் காரணமாயிற்று.

எங்கள் சங்கம் எந்த நிறுவனத்தின் ஊழியருக்கும் எதிரானது அல்ல. கவுன்ட்டரில் நின்று வசவு வாங்கியவர்கள் முடிவெடுத்தவர்கள் அல்ல. இணைப்புகளால் அவர்களும் பணியிடமும் பதவியும் மாறி அலைக்கழிந்தார்கள். இக்கண்டனம் இந்தியப் போட்டி ஆணையத்துக்கும், விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், தலைமை இயக்குநரகத்துக்கும் உரியது.

விஸ்தாரா இணைப்பில் எந்தெந்தத் தடத்தில் எத்தனை இருக்கைகளுக்கு உறுதி கொடுக்கப்பட்டது, எத்தனை ஆண்டுகளுக்கு, இன்றுவரை அது காக்கப்பட்டதா, சரிபார்ப்பவர் யார் என்பதை ஆணையம் தமிழ், கன்னடம் உள்ளிட்ட மாநில மொழிகளில் வெளியிட வேண்டும். இனி வரும் எந்த விமான நிறுவன இணைப்பிலும், நிறுவனங்கள் என்ன உறுதிமொழி கொடுத்தாலும், பயணிகளின் ஆட்சேபத்தைக் கேட்காமல் ஒப்புதல் அளிக்கக் கூடாது. இரண்டு வார விதியைத் திருத்தி, நேரடி விமானத்தை நிறுத்தினால் எத்தனை நாளுக்கு முன் சொன்னாலும் இழப்பீடு உண்டு என்று ஆக்க வேண்டும். மண்டகள்ளி ஓடுபாதை நீட்டிப்பை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

இவ்வறிக்கையுடன் எங்கள் உறுப்பினரின் மூன்று டிக்கெட் தாள்களின் நகல்கள், அவருடைய இசைவோடு, ஆணையத்துக்கு அனுப்பப்படுகின்றன. எழுத்து மூலமான ஆட்சேபம் என்று சட்டம் எதைச் சொல்கிறதோ அதுவாக அவற்றை ஏற்று, பதிவேட்டில் சேர்த்து, எண் தருமாறு கேட்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் பொதுக்குழுவுக்காக,
நிர்வாகக் குழுவினர்
மைசூரு