மாத்திரைக்கு முன் சில கேள்விகள்



நம் இதழுக்கு வரும் கடிதங்களில் சிலவற்றில் பெயரும் ஊரும் இருப்பதில்லை. அவற்றில் அடிக்கடி வருவது கருத்தடை மாத்திரை பற்றிய கேள்விகள். சாப்பிடலாமா? பின்னால் குழந்தை பிறக்காமல் போய்விடுமா? உடம்பு பெருத்துவிடுமாமே? கணவரிடம் கேட்கத் தயங்கி, மாமியாரிடம் சொல்ல முடியாமல், டாக்டர் முன்னால் உட்கார்ந்தும் வாய் வராமல், கடைசியில் நமக்கு எழுதுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உரிய பதிலை இந்த மாதம் தந்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

ஆரோக்கியமாக இருக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு இந்த மாத்திரை பாதுகாப்பானது. சிலருக்கு ஆபத்தானது. அந்தச் சிலரில் நீங்களும் ஒருவரா என்பது சில கேள்விகளிலும், பி.பி. பார்க்கும் இரண்டு நிமிடத்திலும் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தக் கேள்விகளை யாரும் கேட்காமலே மாத்திரை கைமாறுவதுதான் என் கவலை.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'மாலா-என்' இலவசமாகக் கிடைக்கிறது. அட்டையில் 28 மாத்திரைகள். முதல் 21-இல் இரண்டு ஹார்மோன்கள்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், ஈஸ்ட்ரோஜன் வகையான எத்தினைல் எஸ்ட்ராடையால் 0.03 மில்லிகிராம். மீதி ஏழும் இரும்புச்சத்து. ஹார்மோன்கள் கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கின்றன. ஒருநாளும் தவறாமல் சாப்பிட்டால் நூறு பெண்களில் ஒருவர்கூட ஓராண்டில் கருத்தரிப்பது அரிது. மறதியும் அலைச்சலும் உள்ள நிஜ வாழ்க்கையில் ஏழு பேர்வரை கருத்தரிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால், இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் என்றே பழகிவிட்டோம். அதனால் மாத்திரை பற்றிய பேச்சு நம் வீடுகளில் வளரவே இல்லை. ஆனால் இன்று அது வேறு வழியாக வீட்டுக்குள் வருகிறது. நீர்க்கட்டிக்காகவோ, மாதவிலக்கு சீராவதற்காகவோ, அதிக ரத்தப்போக்குக்காகவோ கல்லூரிப் பெண்களுக்கு டாக்டர்கள் எழுதித் தருவதும் பல நேரம் இதே வகை மாத்திரைதான். மகளின் பையில் அட்டையைப் பார்த்துப் பதறும் அம்மாக்களே, அது மருந்தாகவும் பயன்படுகிறது. சந்தேகப்படுவதை விட்டு, டாக்டரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

முதல் சில மாதங்களில் குமட்டல், மார்பில் வலி, லேசான தலைவலி, இடையிடையே திட்டுத்திட்டாக ரத்தக்கசிவு வரலாம். பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் சரியாகிவிடும். இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும். சிலருக்கு மனம் சோர்ந்துபோகிறது. அதைக் கற்பனை என்று ஒதுக்காதீர்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்து டென்மார்க்கில் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஹார்மோன் கருத்தடைக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அது காட்டியது. இளம்பெண்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. மனம் மாறுவதாகத் தோன்றினால் சொல்லுங்கள். மாத்திரையை மாற்றலாம், வேறு முறைக்கும் போகலாம்.

அரிதாக வந்தாலும் உயிருக்கு ஆபத்தானது ரத்தம் உறைவது. காலில் உறையும் ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம். மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஓராண்டில் சுமார் 2 பேருக்கு இது வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள மாத்திரை சாப்பிடுபவர்களில் 5 முதல் 7 பேருக்கு. அதற்குப் பதிலாக டிராஸ்பிரினோன், டெசோஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன்கள் உள்ளவற்றில் 9 முதல் 12 பேருக்கு. பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் எந்த மாத்திரையும் இல்லாமலே இதைவிட அதிகம். மாத்திரையில் இந்த ஆபத்து முதல் ஆண்டில்தான் கூடுதல். சில வாரங்கள் விட்டு மறுபடி தொடங்கினாலும் கூடும். அதனால் நினைத்தால் நிறுத்துவது, நினைத்தால் தொடங்குவது என்று இருக்கக் கூடாது.

உங்களிடம் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. பி.பி. அதிகமா? ஒற்றைத் தலைவலி வருமுன் கண்ணில் ஒளிக்கீற்றோ வளைகோடுகளோ தெரியுமா? உங்களுக்கோ, அம்மா, அக்கா, தங்கைக்கோ ரத்தம் உறைந்த வரலாறு உண்டா? பக்கவாதம், இதய நோய், மார்பகப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய் உண்டா? 35 வயதைத் தாண்டியும் புகைபிடிக்கிறீர்களா? பெரிய ஆபரேஷன் வரப்போகிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் டாக்டரைப் பார்க்காமல் இதைத் தொடங்காதீர்கள்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் முதல் ஆறு மாதம் இந்த மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்கு காப்பர்-டி இருக்கிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரையும் இருக்கிறது. அதை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று சாப்பிட வேண்டும்.

வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்பதும் முக்கியம். டி.பி.க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமசெபைன் ஆகியவை கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். சாதாரணக் காய்ச்சலுக்குத் தரும் பெரும்பாலான ஆன்டிபயாடிக் அப்படிச் செய்யாது.

மாத்திரை எடுக்கும்போது ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இதுவரை வராத அளவு கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், கை கால் மரத்தல், கடுமையான வயிற்றுவலி இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போய், "கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். கூட வந்தவர் காதில் விழுமே என்று மறைத்தால், டாக்டருக்கு முக்கியமான தகவல் கிடைக்காமல் போய்விடும்.

ஒரு மாத்திரை மறந்தால், நினைவு வந்ததும் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போட்டாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ மறந்தால், ஒன்றைப் போட்டு வழக்கம்போல் தொடர்ந்து, அடுத்த ஏழு நாள் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். என்ன செய்வது என்று செவிலியரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயில் விசேஷம், கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் நாரெதிஸ்டெரோன் மாத்திரை வேறு. அது கருத்தடைக்கு உதவாது. ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு அதுவும் ஆகாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்டது என்பது உங்களுக்கான மருந்துச் சீட்டு ஆகிவிடாது.

கடிதங்களில் இருந்த பயங்களுக்கும் பதில் சொல்கிறேன். இந்த மாத்திரையால் மலட்டுத்தன்மை வருவதில்லை. நிறுத்திய சில மாதங்களிலேயே பெரும்பாலோரால் கருத்தரிக்க முடிகிறது. உடல் எடையைப் பெரிதாகக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களின் ஆபத்து குறைகிறது. அந்தப் பலன் நிறுத்திய பிறகும் பல ஆண்டுகள் நீடிக்கிறது. மார்பகப் புற்றுநோய் ஆபத்து சாப்பிடும் காலத்தில் சற்றே கூடுகிறது. நிறுத்தியபின் மெல்லக் குறைகிறது. ஐந்து ஆண்டுக்கு மேல் சாப்பிட்டால் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது. நீண்ட நாள் சாப்பிடுபவர்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இத்தனையும் நமக்குத் தெரிவதற்கு, கேள்வி கேட்ட பெண்களும் ஒரு காரணம். 1956-இல் புவெர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியத்ராஸ் குடியிருப்பில் ஏழைப் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரையைக் கொடுத்துச் சோதித்தார்கள். அதை மேற்பார்வையிட்ட டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 சதவீதப் பெண்களுக்குத் தலைச்சுற்றல், வாந்தி, தலைவலி வருவதாகத் தெரிவித்தார். அந்தப் புகார்களுக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை. 1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அனுமதி பெற்ற எனோவிட் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன், இன்றைய மாலா-என்னில் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு. 1969-இல் பத்திரிகையாளர் பார்பரா சீமன் மாத்திரையின் ஆபத்துகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1970 ஜனவரியில் அமெரிக்க செனட்டர் கேலார்ட் நெல்சன் மாத்திரை பற்றி விசாரணை நடத்தினார். அங்கே மாத்திரை சாப்பிட்ட பெண்களைச் சாட்சி சொல்ல அழைக்கவில்லை. பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ஆலிஸ் வுல்ஃப்சனும் தோழிகளும் பார்வையாளர் வரிசையில் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். அதே ஆண்டில் மாத்திரையோடு எச்சரிக்கைத் தாள் வைக்க உத்தரவு வந்தது. இன்று அட்டையோடு அப்படி ஒரு தாள் வந்தால், படிக்காமல் எறிந்துவிடாதீர்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி மாத்திரை தொடங்கும் நாளில் கூடப் போங்கள், பி.பி. எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். அவருக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஆணுறையும், இனிக் குழந்தை வேண்டாம் என்றால் வாசெக்டமியும் உங்கள் பங்கு.

மருந்துக் கடை நண்பர்களே, அட்டையை எடுத்துக் கொடுக்குமுன் "பி.பி. பார்த்தீங்களாம்மா?" என்று மட்டும் கேளுங்கள். வாசகிகளே, மேலே உள்ள கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியரையோ டாக்டரையோ பாருங்கள். வாய் வராவிட்டால் தாளை நீட்டுங்கள். அவர் பதில் சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்