கம்பளி யார் கணக்கில்?

டிராக்டரை நீயே வாங்கிக்கொண்டு வந்து என் வயலை உழு என்று எந்த நிலச்சொந்தக்காரரும் கூலியாளிடம் சொல்வதில்லை. கதிரை நீயே வாங்கி மாட்டி எனக்கு நூல் நூற்றுக் கொடு என்று எந்த மில் முதலாளியும் கேட்பதில்லை. ஆனால் பனியிலும் மழையிலும் நின்று வேலை செய், உடம்பு விறைக்காமலிருக்க உடுப்பு வேண்டுமானால் அது உன் சொந்தச் செலவு என்று மட்டும் இருவரும் கூசாமல் சொல்கிறார்கள். நாமும் அதை நியாயமென்றே நினைத்துப் பழகிவிட்டோம்.

இது நியாயமா? குளிர்காலத்து உடுப்பு சொந்தச் சௌகரியமா, வேலைக்கருவியா? மார்கழியும் தையும் வருஷா வருஷம் வருகின்றன. இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது.

நம்ம ஊரில் என்ன குளிர்?

"ஊட்டியா இது? நம்ம ஊரில் என்ன குளிர்?" என்று கேட்பவர்கள் உண்டு. விடிந்து வெயில் ஏறிய பிறகு எழுந்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் அப்படிக் கேட்கிறார்கள்.

கீரமங்கலத்தைச் சுற்றிக் கொத்தமங்கலம், சேந்தன்குடி, பனங்குளம், குளமங்கலம் பக்கமெல்லாம் பூந்தோட்டங்கள். மல்லிகை, முல்லை, காக்கரட்டான், கனகாம்பரம், சம்பங்கி எல்லாம் கீரமங்கலம் மார்க்கெட்டுக்கு வந்து வெளியூர்களுக்குப் போகின்றன. மல்லிகையையும் முல்லையையும் மொட்டு மலர்வதற்குள் பறித்தாக வேண்டும். ஆகவே ஊர் தூங்கும்போதே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் தோட்டத்தில் இறங்குகிறார்கள். செடியெல்லாம் பனித்தண்ணீர். பத்து நிமிஷத்தில் முழங்கையிலிருந்து விரல் வரை நனைகிறது. இடுப்புக்குக் கீழே சேலை நனைந்து காலோடு ஒட்டுகிறது.

அந்த நேரத்தில் நம் ஜில்லாவில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். காய்ந்த உடம்புக்கு அது பெரிய குளிரல்ல. ஈர உடம்புக்கு அது வேறு கதை. தண்ணீர், காற்றைவிடச் சுமார் 24 மடங்கு சுலபமாக வெப்பத்தைக் கடத்துகிறது. நனைந்த துணி உடம்போடு ஒட்டினால் உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே விடுகிறது. மேலே வாடைக்காற்று அடித்தால் ஈரம் ஆவியாகும்போது இன்னும் சூட்டைப் பறிக்கிறது. நம் ஊர்க் குளிர் ஈரத்தின் குளிர். ஊட்டியோடு அதை ஒப்பிட்டுப் பேசுவது விஷயம் தெரியாத பேச்சு.

இதில் கூலிக் கணக்கும் இருக்கிறது. பனிக்காலத்தில் மல்லிகைச் செடி மொட்டு விடுவது குறையும். வரத்துக் குறைந்தால் பூ விலை ஏறும். ஆனால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண்ணுக்கு அந்த ஏற்றம் வந்து சேர்வதில்லை. செடியில் மொட்டும் குறைவு, விறைத்த விரல் பறிப்பதும் குறைவு. மார்க்கெட்டில் பூ விலை உச்சியில் நிற்கும் அதே மாதத்தில் அவள் கூலி பள்ளத்தில் கிடக்கிறது.

மில் தொழிலாளிக்கு வேறு விதமான குளிர். நூல் அறுபடாமலிருக்க நூற்பாலைக்குள் சூடும் ஈரமும் வைத்திருக்கிறார்கள். பஞ்சுக்குக் கிடைக்கும் அந்தப் பராமரிப்பு மனிதனுக்கு இல்லை. இரவு ஷிப்டு முடித்து, வேர்வையில் ஊறிய பனியனோடு அதிகாலைப் பனியில் சைக்கிளிலோ வேனிலோ வீடு திரும்புகிறான். பனியனை மாற்ற ஓர் இடமும், மாற்றிக்கொள்ளக் காய்ந்த துணியும் இல்லை.

கடனில் வந்த கம்பளி

உடுப்பை உழைப்பவன் தலையில் கட்டும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. நம் ஜில்லாவுக்கே அதில் பழைய அனுபவம் உண்டு.

19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலும் திருச்சி, மதுரை, தஞ்சை ஜில்லாக்களிலும் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். அன்று அவர்கள் தோணி ஏறிய துறைகளில் அம்மாபட்டினம், தொண்டி, பாம்பன் மூன்றும் உண்டு. அம்மாபட்டினம் இன்று நம் ஜில்லாவில்தான் இருக்கிறது. வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள் மலைக்குளிரில் போய் இறங்கினார்கள். அங்கே கம்பளி இல்லாமல் ஓர் இரவு தாங்காது.

கம்பளி கிடைத்தது. இனாமாக அல்ல. வழிச்செலவு, அரிசி, முன்பணம் இவற்றோடு கம்பளியும் கடன் கணக்கில் ஏறியது. அந்தக் கடன் தீரும்வரை ஆள் நகர முடியாது. எவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவோம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டுக்குத்தான் 'துண்டு' என்று பெயர். 1921-இல் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. குளிருக்குப் போர்த்திக்கொண்ட கம்பளியே காலுக்கு விலங்கானது என்பதை நாம் மறக்கக் கூடாது.

சுதந்திர இந்தியாவில் 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் 17-ஆவது பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளியைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியவற்றை முதலாளியே தர வேண்டுமென்று மாநில சர்க்கார்கள் விதி செய்ய இடம் கொடுத்தது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் கம்பளி, தொழிலாளியின் கடன் கணக்கிலிருந்து முதலாளியின் கடமைக் கணக்குக்கு மாற வழி பிறந்தது. பொருள் அதே கம்பளிதான். கணக்குதான் மாறியது. அந்த மாற்றத்தில் இருக்கிறது உழைப்பாளியின் மரியாதை.

மில்லுக்கும் இந்த நியாயம் புதிதல்ல. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, ஓடும் இயந்திரத்தைப் பார்வையிட்டு எண்ணெய் போடுகிற தொழிலாளி உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அந்த உடையை மில்லே தர வேண்டும் என்று சொன்னது. சோவியத் நாட்டின் 1922-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு இன்னும் தெளிவாகப் பேசியது. இயல்புக்கு மாறான சூடு, குளிர், ஈரம் இவற்றில் செய்யும் வேலைகளுக்குத் தனி உடுப்பு, வேலை கொடுப்பவர் செலவில் என்றது அது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 1981-இல் ஏற்ற 155-ஆவது உடன்படிக்கையில், பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவு தொழிலாளி தலையில் விழக்கூடாது என்று எழுதி வைத்தது.

இங்கே 1948-ஆம் வருஷச் சட்டமும் 1951-ஆம் வருஷச் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் ஒரே தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டன. அந்தப் புதிய தொகுப்பின் 6-ஆவது பிரிவும் பாதுகாப்புக்காகச் செய்யும் ஏற்பாட்டுக்குத் தொழிலாளியிடம் காசு வசூலிக்கக் கூடாது என்கிறது. மில் தோழர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அந்தச் சட்டம். நாலைந்து பேர் பூப்பறிக்கும் தோட்டம் அதன் கண்ணில் படாது.

எதைப் பார்த்து வாங்குவது?

உரிமை கைக்கு வரும்வரை உடம்பு காத்திருக்காது. ஆகவே, கையிலுள்ள காசுக்கு வாங்கும்போது ஏமாறாமல் வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் விஷயம், துணி சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பின் சூட்டைத் தன்னிடம் சிக்கிய காற்றில் தேக்கி வைக்கிறது. அதனால் தடித்த ஒரே ஸ்வெட்டரைவிடச் சற்றுத் தளர்வான இரண்டு மெல்லிய உடுப்பு மேல். வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றவும் முடியும்.

இரண்டாவது, துணியின் குணம். பருத்தி காய்ந்திருக்கும்வரை நல்லது, நனைந்தால் குளிரைக் கூட்டும். ஆட்டு ரோமக் கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு வைத்திருக்கும். திருச்சிப் பக்கத்துக் கருங்குறும்பை ஆட்டு ரோமத்தில் நெய்யும் கம்பளி முரடுதான், உடம்பைக் குத்தும்தான். ஆனாலும் உழைக்கும். உள்பக்கம் பஞ்சு போலச் சீவிவிட்ட பாலியெஸ்டர் துணியைத் திருப்பூரில் பிளீஸ் என்பார்கள். அது தண்ணீரை அதிகம் குடிக்காது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஒரே ஆபத்து நெருப்பு. பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டு தீமூட்டிக் குளிர்காய உட்காரக் கூடாது.

'சுத்தக் கம்பளி' என்று கடைக்காரர் சொன்னால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். ரோமமானால் மயிர் கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசனை. பாலியெஸ்டரானால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

மூன்றாவது, தையல். ஜெர்கின் கிழிவது அக்குளிலும் தோளிலும் பை ஓரத்திலும்தான். அங்கே இரட்டைத் தையல் இருக்கிறதா என்று உள்ளே புரட்டிப் பாருங்கள். துணியை வெளிச்சத்தில் பிடியுங்கள், சல்லடையாகத் தெரிந்தால் வேண்டாம். உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள், பஞ்சு கொத்தாக வந்தால் ஒரு மார்கழிக்கு மேல் தாங்காது. மணிக்கட்டில் இறுகப் பிடிக்கிற கை வேண்டும். ஜிப்பு போனால் தையல்காரரிடம் போக வேண்டும், பொத்தான் போனால் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, வேலைக்கேற்ற உடுப்பு. பூப்பறிக்கும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நனைவது கையும் இடுப்புக்குக் கீழும். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டிக்கொள்வது போல, தண்ணீர் ஏறாத ஒரு விரிப்பை இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை கட்டினால் பாதிக் குளிர் போய்விடும். நடவு மழையில் சாக்குக் கொங்காணி தலையையும் முதுகையும் மறைக்கும், கையை மறைக்காது. கைவைத்த மழைக்கோட்டு அதைவிட மேல். மில்லுக்குள்ளே மப்ளரும் தொங்கும் துண்டும் கூடவே கூடாது. இயந்திரம் துண்டை மட்டும் இழுத்துவிட்டு நிற்காது. வேலை முடிந்ததும் மாற்றக் காய்ந்த பனியன் ஒன்று பையில் இருக்கட்டும்.

மலிவு விலையும் இலவசப் போர்வையும்

இவ்வளவும் தெரிந்தும் நாம் மட்டமானதையே வாங்குகிறோம். காரணம் புத்திக்குறைவு அல்ல. ஒரு ஜெர்கின் 300 ரூபாய், ஒரே பனிக்காலம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று 600 ரூபாய், நாலு வருஷம் உழைக்கும். நாலு வருஷத்தில் முதலாவதுக்கு 1,200 ரூபாய், இரண்டாவதுக்கு 600 ரூபாய். ஏழைதான் அதிகம் கொடுக்கிறான். 600 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடியாததற்கு அவன் கட்டும் அபராதம் அது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நம் தென்னையையும் பலாவையும் சாய்த்தபோது, வெளியூர் ஜனங்கள் லாரிகளில் அரிசியும் பாயும் போர்வையும் அனுப்பினார்கள். அந்த அன்பை இந்த வட்டாரம் மறக்காது. ஆனால் ஆபத்துக்கு வரும் உதவி வேறு, வருஷா வருஷம் மேடை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு கொடுக்கும் போர்வை வேறு. ஹரியானாவின் பானிப்பட்டில் பிற நாடுகளில் கழித்துப்போட்ட கம்பளி உடுப்புகளைக் கிழித்து, சீவி, மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்து வந்திருக்கிறார்கள். கழிவைப் பயனாக்குவது நல்ல காரியம்தான். ஆனால் இழை குட்டையாகிவிட்டதால் சீக்கிரம் உதிரும். மேடையில் கிடைக்கும் மலிவுப் போர்வையையும் உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். அது நல்ல போர்வையாகவே இருந்தாலும் போர்த்திக்கொண்டு தூங்கத்தான் உதவும். விடியுமுன் தோட்டத்தில் நிற்பவளுக்கு வேண்டியது கையும் இடுப்பும் நனையாத வேலை உடுப்பு.

என்ன கேட்க வேண்டும்?

மில்களில் ஒப்பந்தம் பேசும்போது, கூலி, போனஸ் இவற்றோடு மூன்று விஷயங்களையும் மேஜையில் வைக்க வேண்டும். இரவு ஷிப்டுக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு ஸ்வெட்டர், ஈர உடை மாற்ற அறை, இயந்திரத்தருகே வேலை செய்வோருக்கு ஒட்டிய உடை.

பூந்தோட்டத்தில் நிலைமை வேறு. அங்கே சொந்தக்காரர் பலரும் சிறு விவசாயிகள். அவர்களும் பெண்டு பிள்ளைகளோடு அதே பனியில் நிற்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்பது நம் வேலையல்ல. பூவில் கமிஷன் எடுப்பவர்களும் சர்க்காரும் இதில் பொறுப்பேற்க வேண்டும். 2011-இல் வந்த உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விபத்துக்கும் கல்யாணத்துக்கும் படிப்புக்கும் உதவி வைத்தார்கள். அதே பட்டியலில் ஒரு மழைக்கோட்டையும் ஒரு கம்பளி உடுப்பையும் சேர்க்க என்ன தடை?

அதுவரை நாமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஐம்பது பேர் மாதம் 50 ரூபாய் சேர்த்தால் ஒரு வருஷத்தில் 30,000 ரூபாய். அந்தப் பணத்தோடு இரண்டு பேர் திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனால் மொத்த விலைக்கு, பார்த்துத் தேர்ந்து வாங்கி வரலாம். ஆளுக்கு 600 ரூபாய்ச் சரக்கு, கடன் இல்லை, வட்டி இல்லை. சங்கக் கிளைகள் அடுத்த தையில் சீட்டைத் தொடங்கினால் மார்கழிக்குள் உடுப்பு கைக்கு வந்துவிடும்.

ஆனால் சீட்டுப் போட்டு வாங்குவதோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது. அதுவும் நம் காசுதான். நம் வேலைக்கான உடுப்பை நாமே வாங்கிக்கொண்டிருக்கும்வரை, அம்மாபட்டினத்தில் தோணி ஏறியவர்களின் பழைய கணக்கு இன்னும் தீரவில்லை என்றுதான் அர்த்தம். சீட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கோரிக்கையை எழுதுங்கள்: உழைப்பவனுக்கு உடுப்பு, வேலை வாங்குபவர் கணக்கில்!