தமிழ் உள்ளே இருக்கிறது, தேடத்தான் வேண்டும்!

அல்சூரில் வசிக்கும் நண்பர் ஒருவருக்கு நம் இதழில் எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பணி ஓய்வு பெற்றவர். பேரன் வாங்கிக் கொடுத்த புதுக் கணிப்பொறியில் ‘தமிழ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ‘அம்மா’ என்று தட்டிப் பார்த்தார். திரையில் வந்தது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை! இளமையில் தமிழ்த் தட்டச்சுத் தேர்வில் தேறியவர் அவர். கடைசியில் கட்டுரையைக் கையால் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டார்.

குறை அவருடையதன்று. தமிழுக்கு விசைப்பலகைகள் பல. பழைய தட்டச்சு முறை ஒன்று; இன்ஸ்கிரிப்ட் ஒன்று; தமிழ்99 ஒன்று; ஆங்கில ஒலிப்பு முறை இன்னொன்று. விண்டோஸில் வெறும் ‘தமிழ்’ என்ற பெயரோடு நெடுங்காலமாக இருந்துவருவது இன்ஸ்கிரிப்ட். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான அமைப்பு அது. தமிழின் ‘க’ இருக்கும் விசையிலேயே கன்னடத்தின் ‘க’வும் இருக்கும். இரண்டு மொழியிலும் எழுதுகிற பெங்களூர்க்காரருக்கு அது வசதிதான். ஆனால் புள்ளியை ஒவ்வொரு முறையும் நாமே தட்ட வேண்டும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றது தமிழ்99. அதில் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும்; புள்ளி தானாக விழும். இவ்வளவு எளிய முறை விண்டோஸுக்குள்ளேயே வந்து சேர்ந்தது 2019-இல்தான். தமிழ் யூனிகோடோ விண்டோஸ் 2000-லேயே வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள்தாம் நமக்குக் கைகொடுத்தன.

இப்போது தமிழ்99 உள்ளே இருக்கிறது. ஆனால் அமைப்புகள், மொழி, விருப்பங்கள், விசைப்பலகை என்று கதவு கதவாகத் திறந்து போனால்தான் கண்ணில் படும். தமிழைத் தேர்ந்தெடுத்த அந்த நொடியிலேயே, “எந்த விசைப்பலகை வேண்டும்?” என்று தமிழில் கேட்டு, படத்தையும் காட்டினால் என்ன?

இது வெறும் வசதிக் குறைவு அல்ல. இங்கே நம் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்தோடு அவர்களுக்குள்ள உறவு திரையோடுதான். அங்கேயும் தட்ட வழி தெரியாவிட்டால், ‘வணக்கம்’ என்பதையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். பேச்சு இருக்கும், எழுத்து போய்விடும்.

கர்நாடக அரசு கே.பி. ராவ் அமைத்த விசைப்பலகையை ஏற்றது. நுடி மென்பொருளோடு அது அலுவலகங்களில் பரவியது. நாமும் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டாமா? ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், நம் சங்கங்களில் தமிழ்99 சொல்லிக் கொடுக்கலாமே! பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து கற்கக்கூடிய பாடம் இது.

நண்பரின் மேசை மீது தமிழ்99 படத்தை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். பழைய தட்டச்சுப் பழக்கம் விரலை இழுக்கிறதாம். ஆனாலும் அடுத்த கட்டுரையைத் தட்டியே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். காத்திருப்போம்.