எண்களும் எட்டாம் கட்டளையும்



கருக்கலைப்பைப் பற்றிய விவாதம் எழும் இடமெல்லாம் புள்ளிவிபரங்களும் உடன் எழுகின்றன. பெரியதோர் எண்ணைக் கேட்டதும் நாம் வாயடைத்துப் போகிறோம். அந்த எண்ணைக் கணித்தவர் யார், எவ்வாறு கணித்தார் என்று வினவுவது உண்மைக்கு நாம் செலுத்தும் மரியாதையாகும்.

அமெரிக்காவின் வரலாற்றைச் சற்று நோக்குங்கள். 1973 ஜனவரி 22ஆம் திகதி 'ரோ எதிர் வேட்' வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக அறிவித்தது. 2022 ஜூன் 24ஆம் திகதி அதே நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அங்கு ஓயாது ஒலித்த கூற்று ஒன்றுண்டு. சட்டவிரோதக் கருக்கலைப்பினால் முன்னர் ஆண்டுதோறும் 5,000 முதல் 10,000 வரையான பெண்கள் மாண்டனர் என்பதே அது.

இதன் வேர் 1936இல் வைத்தியர் பிரெடரிக் டௌசிக் வெளியிட்ட மதிப்பீட்டில் உள்ளது. சில இடங்களிற் பெற்ற தரவுகளை நாடு முழுமைக்கும் பெருக்கி அவர் அதனைக் கணித்தார்; சில ஆண்டுகளின் பின் தாமே அதனைக் குறைத்துக்கொண்டார். 1940களில் பென்சிலின் பரவியபின் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. 1965இல் அரச பதிவுகளின்படி மரணங்கள் ஏறக்குறைய 200. 1972இல் சட்டவிரோதக் கருக்கலைப்பினால் நேர்ந்தவையாகப் பதிவானவை 39. வெட்கத்தினால் மறைக்கப்பட்ட மரணங்களும் இருந்திருக்கும். அவற்றைச் சேர்த்தாலும் ஆயிரக்கணக்கை எட்டுவது அரிது.

1969இல் கருக்கலைப்புச் சட்டங்களை நீக்கக் கோரிய இயக்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான வைத்தியர் பேர்னாட் நதன்சன், அந்த எண் பொய்யென அறிந்தே தாம் பயன்படுத்தியதாக 1979இல் எழுதிய நூலில் ஒப்புக்கொண்டார். 1996இல் அவர் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். எனினும் 2019இலும் அக்கூற்று பொதுமேடைகளில் ஒலித்தது. 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் அதனை ஆராய்ந்து ஆதாரமற்றதெனக் கண்டது.

இதைக் கேட்டு நாம் மகிழ்ந்துவிடலாகாது. உயிரைக் காக்க முனைவோரும் இதே குற்றத்தில் வீழ்ந்ததுண்டு. கருக்கலைப்பு மார்புப் புற்றுநோயை விளைவிக்கும் எனத் துண்டுப்பிரசுரங்கள் பல அச்சாயின. 16 நாடுகளில் மார்புப் புற்றுநோயுற்ற ஏறத்தாழ 83,000 பெண்களின் தரவுகளை ஆராய்ந்து 2004இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, அவ்வாறான தொடர்பு இல்லையெனக் கண்டது.

நம் நாட்டிலோ நாளொன்றுக்கு 658 கருக்கலைப்புகள் எனச் செய்திகளில் வாசிக்கிறோம். தாயின் உயிரைக் காக்கும் தேவையிலன்றி ஏனைய கருக்கலைப்புகளை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்குகின்றது. மறைவில் நிகழ்வதற்கு முழுமையான பதிவேடு எங்ஙனம் இருக்கும்? ஆகவே அது மதிப்பீடேயன்றி எண்ணிக்கை அன்று. சட்டத்தைத் தளர்த்த விரும்புவோரும் அதையே காட்டுகின்றனர். ஒழுக்கச் சீர்கேட்டைக் கண்டிப்போரும் அதையே காட்டுகின்றனர்.

அன்பர்களே, பொய்ச்சான்று கூறலாகாது என்னும் எட்டாம் கட்டளை நல்ல நோக்கத்திற்காகத் தளர்த்தப்படுவதில்லை. கருவிலுள்ள குழந்தையின் மாண்பு எந்தப் புள்ளிவிபரத்திலும் தங்கியிருக்கவில்லை. மாண்டவர்கள் பத்தாயிரம் பேரல்லர், முப்பத்தொன்பது பேரே என்றாலும், அந்த முப்பத்தொன்பது பேரும் ஒருவரின் மகளாய், சகோதரியாய் இருந்தவர்கள். அவர்களுக்காகக் கண்ணீர் சிந்தாதவன் உயிரின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995இல் வெளியிட்ட உயிர் பற்றிய சுற்றுமடலில், கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களை நோக்கி, நம்பிக்கை இழக்கவேண்டாம் எனத் தந்தையின் கனிவோடு எழுதினார். உங்கள் பங்கிலும் அத்தகைய ஒரு சகோதரி மௌனமாகத் துயருற்றிருக்கலாம். இவ்வாரம் உங்கள் குடும்பச் செபமாலையில் அவளுக்காகவும், தன் குழந்தையைச் சுமக்க அஞ்சி நிற்கும் தாய்க்காகவும் ஒரு மணியை ஒப்புக்கொடுங்கள். அவள் உதவி நாடி உங்கள் வாயிலுக்கு வரும்போது கதவைத் திறந்து வையுங்கள்.