இரும்பை இணைத்தவர்

 

மரணித்தவர்களின் நற்செயல்களை நினைவுகூருமாறு மார்க்கம் நமக்குக் கற்பிக்கிறது. ஆயினும் நாம் யாரை நினைவுகூருகிறோம்? ஆலிம்களையும் கொடையாளர்களையும் ஊர்ப் பிரமுகர்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நம் வீட்டு வாயிற்கதவைச் செய்து நிறுத்தியவர் மறைந்தால் ஒரு வரியும் எழுதுவதில்லை. அண்மையில் வஃபாத்தான திண்டுக்கல் வெல்டர் ஒருவரைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். ஊரார்க்கு அவர் 'பட்டறை பாய்'. அப்பெயரே இங்கும் போதும்.

திண்டுக்கல் இரும்போடு உறவாடி வளர்ந்த நகரம். அதன் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பூட்டின் பெருமை வெளியே தெரியும் பளபளப்பில் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் நெம்புகோல்களின் நேர்த்தியில் இருக்கிறது. வெல்டிங் தொழிலும் அத்தகையதே.

திருக்குர்ஆனின் 57-ஆவது அத்தியாயத்தின் பெயரே 'அல்ஹதீத்', அதாவது இரும்பு. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், அவர்கள் தம் கை உழைப்பால் உண்டதையும் மதரஸாவில் சிறுவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அதே சிறுவன் பட்டறைக்கு வேலைக்குச் சென்றால், 'படிப்பு ஏறாதவன்' என்று இகழ்கிறோம். இது முறையா? சற்றே சிந்தியுங்கள்.

வெல்டிங் ராடின் மேல் ஒரு பூச்சு உண்டு. மின்பொறியின் வெப்பத்தில் அது உருகி, வாயுவாகவும் கசடாகவும் மாறி, உருகிய உலோகத்தைக் காற்றுத் தீண்டாமல் காக்கிறது. ஆறியபின் அக்கசடைத் தட்டி எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் அதன் மேலேயே பற்ற வைத்தால் கசடு உள்ளே தங்கி, இணைப்பு வலுவிழக்கும். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் வாங்குபவர் அறியமாட்டார். ஒருநாள் பாரம் தாங்காமல் கீல் விட்டுப்போகும்போதுதான் உண்மை வெளிப்படும்.

பட்டறை பாய் ஒவ்வொரு அடுக்கையும் சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷால் தேய்த்து, உற்றுப் பார்ப்பார். ஊசித்துளை தென்பட்டாலும் அரைத்தெடுத்துவிட்டு மீண்டும் பற்ற வைப்பார். கேட் செய்யும்போது நான்கு மூலைகளிலும் முதலில் புள்ளி வைத்து, மூலைமட்டம் பார்த்து, பின்னர் மாறி மாறி இணைப்பார். ஒரே பக்கத்தை ஒரே மூச்சில் முடித்தால், ஆறும்போது இரும்பு சுருங்கிச் சட்டம் கோணிவிடும் அல்லவா? காசு கொடுத்தவரின் கண்படாத இடத்திலும் ஒழுங்காகச் செய்யும் வேலைக்கு அமானிதம் என்பதைத் தவிர வேறென்ன பெயர்?

விதைப்புக் காலத்தில் ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயிகள் உடைந்த கலப்பைக் கொழுக்களோடு வருவார்கள். உடனே மற்ற வேலைகள் ஒதுங்கும். "மாளிகை கேட் ஒரு வாரம் காத்திருக்கும், மண்ணின் ஈரம் காத்திருக்காது" என்பார். தையல் இயந்திரத்தின் கால் உடைந்து வந்த விதவைப் பெண்ணிடம், "முதல் கூலி வந்ததும் கொடுங்கள், அக்கா" என்றார். இலவசம் என்று சொல்லி அவரைக் கூசவைக்கவில்லை. பிறகு அந்தக் கூலியைக் கேட்கவும் இல்லை.

எங்கள் மஹல்லாவின் சந்தூக்கின் கால்கள் துருப்பிடித்து ஆடியபோது, கூலி வாங்காமல் அதைச் சீராக்கித் தந்தவரும் அவரே. அந்தச் சந்தூக்கிலேயே அவருடைய ஜனாஸாவைச் சுமந்து சென்றோம். அது அசையவில்லை. கபரஸ்தான் வாயில்வரை வந்து நின்றவர்களில் பூட்டுத் தொழிலாளர்களும், தலைப்பாகை கட்டிய விவசாயிகளும் பலர்.

வாசகர்களே! புகழ்ந்துவிட்டு எழுந்து போவதற்காக இதை எழுதவில்லை. இறுதி ஆண்டுகளில் இருமல் அவரை உறங்கவிடவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. துத்தநாகம் பூசிய குழாயைப் பற்ற வைத்தால் எழும் புகை, அன்று மாலையே காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும். வெறுங்கண்ணால் ஒளியைப் பார்த்தவனுக்குச் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியதுபோல் வலி எடுக்கும். இளமையில் இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்ட அவர், தம்மிடம் வேலை பழகிய சிறுவர்களை மட்டும் முகக்கவசம் இன்றி ராடைத் தொடவிடவில்லை.

உங்கள் மகனோ, தம்பியோ பட்டறைக்குச் செல்கிறானா? கறுப்புக் கண்ணாடி பதித்த முகக்கவசமும் தோல் கையுறையும் உண்டா, நைலான் இன்றிப் பருத்தி உடை அணிகிறானா, புகை வெளியேற வழி உண்டா என்று நேரில் சென்று பாருங்கள். கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. தொழிலை முறையாகக் கற்க அது நல்ல வழி.

மற்றொன்றும் உண்டு. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982-இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டு, அதன்கீழ் நல வாரியங்கள் அமைந்தன. பதிவு செய்தவர் இறந்தால் குடும்பத்திற்கு உதவித்தொகை உண்டு. பட்டறை பாய் பதிவு செய்திருக்கவில்லை. அவர் மனைவியின் கையில் இன்று இருப்பது, பலர் தர வேண்டிய பாக்கியை எழுதிய ஒரு பழைய நோட்டு மட்டுமே. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு வெள்ளிக்கிழமையை ஒதுக்கித் தன் மஹல்லாவின் தொழிலாளர்களைப் பதிவு செய்ய உதவலாமே! அந்த நோட்டில் பெயர் உள்ளவர்கள் அதற்கு முன்பாகவே தங்கள் கடனைத் தீர்க்கலாமே! இறந்தவருக்குத் தர வேண்டியதும் கடன்தான்; அது அவருடைய வாரிசுகளின் உரிமை.

அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, அவருடைய கபரை விசாலமாக்குவானாக! உழைக்கும் கரங்களைப் பேணும் மனத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.