வீதி பந்தயத் தடமல்ல



பாசிக்குடா வீதியில் நம் பிள்ளைகள் சிலர் போனில் லெப் டைமர் ஆப்பைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். பிறகு யார் நேரம் குறைவு என்று போட்டி.

ஆசிரியர்களான நாங்கள் ஒரு கணக்குச் சொல்கிறோம். பெரும்பாலான போன்களின் ஜீபிஎஸ் செக்கனுக்கு ஒரு தடவைதான் இடத்தைக் குறிக்கும். மணிக்கு 100 கிலோமீற்றரில் போனால் அதற்குள் 28 மீற்றர் கடந்துவிடும். இடையிலுள்ளதை ஆப் ஊகித்துத்தான் சொல்கிறது. அந்த 28 மீற்றருக்குள் மாடும் வரலாம், மதரஸா விட்டு வரும் பிள்ளையும் வரலாம்.

2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பாய்ந்து பார்வையாளர் பக்கம் 7 உயிர் போனது. ஏற்பாடு செய்த தடத்திலேயே அந்த நிலை.

ஓட ஆசையென்றால் கட்டுக்குருந்த போன்ற தடத்துக்குப் போகட்டும். அங்கே தன் முந்தைய சுற்றோடு ஒப்பிட ஆப் உதவும். வாப்பாமாரே, இன்றிரவே பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்.